டிராக்டர் வாடகை, பால் பணம், மெஷின் கூலி: வருமான வரிப் படிவத்தில் எங்கே காட்டுவது?

விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. இது எல்லா உழவர்களுக்கும் தெரியும். ஆனால் விவசாயி கையில் வந்து சேரும் பணமெல்லாம் சட்டத்தின் கண்ணில் விவசாய வருமானம் ஆகிவிடாது. பக்கத்து வயலுக்கு உழவு ஓட்டிய கூலி, நெல் அறுவடை மெஷினை ஊர் ஊராக அனுப்பி வாங்கிய மணிக்கணக்கு வாடகை, ஆவின் சங்கத்தில் ஊற்றிய பால் பணம் ஆகியவை வேறு கணக்கில் வருபவை.

பண்ணை இயந்திர வாடகை பற்றிப் பயிற்சி நடத்தும்போது, ஆயில் மாற்றுவது, பிளேடு தேய்வது பற்றிய கேள்விகளைவிட இப்போது இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. காரணம் புரிகிறது. முன்பு கூலி கையில் ரொக்கமாக வந்தது. இன்று போனில் ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள், எல்லாம் பாஸ்புக்கில் பதிகிறது. பிள்ளையின் கல்விக் கடனுக்கும் இரண்டாவது டிராக்டர் கடனுக்கும் வங்கியில் மூன்று வருட ரிட்டர்ன் கேட்கிறார்கள். ரிட்டர்ன் போட்டால் பி.எம். கிசான் பணம் நின்றுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். போடாவிட்டால் நோட்டீஸ் வருமோ என்ற பயம் மறுபக்கம்.

இங்கே சொல்லியிருப்பவை 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும். இந்த ஆண்டுக்கான ரிட்டர்ன் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படியே போடப்படுகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்குப் புதிய சட்டம் வந்துவிட்டது, அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன. எனவே கீழே உள்ள எண்களை அடுத்த ஆண்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எது விவசாய வருமானம்?

சட்டம் பார்ப்பது நிலத்தை. உங்களுக்கு உரிமையோ குத்தகையோ உள்ள நிலத்தில் உழுது, விதைத்து, நட்டு, பராமரித்து எடுத்த விளைச்சலின் வருமானம் விவசாய வருமானம். 1957இல் ராஜா பினய் குமார் சகாஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உழவு, விதைப்பு, நடவு போன்ற அடிப்படை வேலைகள் அந்த நிலத்தின் மேல் நடந்திருக்க வேண்டும். களை எடுப்பது, அறுப்பது போன்ற பின்வேலைகள் மட்டும் செய்தால் போதாது.

இந்த ஒரு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான சந்தேகங்கள் தீர்ந்துவிடும். உங்கள் நிலத்தைச் சாகுபடிக்குக் குத்தகைக்கு விட்டு வாங்கும் பணமோ நெல்லோ விவசாய வருமானம். அதே நிலத்தைச் செல்போன் கோபுரத்துக்கோ, சூரிய மின் நிறுவனத்துக்கோ, காற்றாலைக்கோ வாடகைக்கு விட்டால் அது விவசாய வருமானம் ஆகாது. நிலம் உங்களுடையதுதான், ஆனால் அங்கே சாகுபடி நடக்கவில்லை.

மாந்தோப்பையோ புளியமரங்களையோ காய் பிடித்த பிறகு காய்ப்புக்கு மட்டும் விலை பேசி எடுத்து, பறித்து விற்பவர் வியாபாரி. தோப்பையே குத்தகைக்கு எடுத்து, உழுது, உரம் வைத்து, தண்ணீர் பாய்ச்சிப் பராமரிப்பவர் விவசாயி. குத்தகைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது இங்கே முக்கியம். வாய்ப்பேச்சாகக் குத்தகை எடுத்திருப்பவர்கள் ஒரு எளிய ஒப்பந்தமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றதாக்க உழவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகளும் விவசாயத்தில் சேரும். நெல்லை அடித்துக் காயவைப்பது, மஞ்சளை வேகவைத்துப் பதப்படுத்துவது, தேங்காயை உடைத்துக் கொப்பரையாக உலர்த்துவது இந்த வகை. கொப்பரையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்றால் கதை மாறுகிறது. கரும்பும் அப்படித்தான். கரும்பைக் கரும்பாகவே வாங்கச் சந்தை இருக்கும்போது, அதை வெல்லமாகக் காய்ச்சி விற்பதில் ஒரு பகுதி வியாபார வருமானம். சொந்தக் கரும்பின் அன்றைய சந்தை மதிப்பு விவசாயக் கணக்கில் போகும். அதற்கு மேல் வெல்லத்தில் கிடைத்த லாபம் வியாபாரக் கணக்கில் வரும். நீலகிரியில் பச்சைத் தேயிலையை ஆலைக்கு விற்கும் சிறு விவசாயிக்கு அது முழுவதும் விவசாய வருமானம். சொந்தத் தேயிலையைத் தானே தூளாக்கி விற்றால் வருமானத்தில் 40 சதவீதம் வரிக்கு உட்பட்டது.

நாற்றுப் பண்ணையில் விற்கும் நாற்றுகளும் கன்றுகளும் விவசாய வருமானம் என்று சட்டமே சொல்லிவிட்டது. குழித்தட்டு நாற்று வளர்ப்பவர்கள் இதில் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி அடுத்த பக்கம். கறவை மாட்டுப் பால், கோழி, ஆடு, மீன், தேனீ, பட்டுக்கூடு, மண்புழு உரம் விற்பனை ஆகியவை விவசாய வருமானம் அல்ல. உழவர்கள் பலருக்கு இது ஏற்க முடியாததாக இருக்கிறது. மாடு இல்லாத விவசாயம் ஏது என்று கேட்கிறார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தில் நாங்கள் ஒருங்கிணைந்த பண்ணையம் என்று இவற்றையெல்லாம் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறோம். ஆனால் வரிச் சட்டம் மாட்டையும் வயலையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது.

இயந்திர வாடகையும் கூலியும்

உங்கள் டிராக்டர் உங்கள் வயலில் ஓடினால் அது சாகுபடிச் செலவு. அதே டிராக்டர் வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலில் ஓடிக் கூலி வாங்கினால் அது உங்களுக்கு வியாபார வருமானம். அந்த நிலத்தில் உங்களுக்கு உரிமை இல்லை, விளைச்சலில் பங்கும் இல்லை. ரொட்டவேட்டர், பவர் டில்லர், நடவு இயந்திரம், அறுவடை இயந்திரம், வைக்கோல் கட்டும் இயந்திரம், மருந்து தெளிக்கும் ட்ரோன் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். பிறர் வயலில் கூலிக்கு நாற்று நடுவதும் தென்னை ஏறிக் காய் பறிப்பதும் உழைத்தவருக்கு விவசாய வருமானம் ஆகாது. தொகை சிறியது என்பதால்தான் யாருக்கும் வரி வருவதில்லை.

இங்கே பலர் இரண்டு வரிகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். சாகுபடிக்காக விவசாய இயந்திரத்தை வாடகைக்கு விடுவதற்கும் அறுவடைக் கூலிக்கும் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. 'உழவுக்கு வரியே இல்லை' என்று கடைக்காரரோ டீலரோ சொல்வது இந்த ஜி.எஸ்.டி. விலக்கைத்தான். வருமான வரிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அதே டிரெய்லரில் செங்கல், ஜல்லி ஏற்றினால் ஜி.எஸ்.டி. விலக்கும் பொருந்தாது. ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது என்பதால் சிறு உழவர்களுக்கு அது பெரிய பிரச்சினை ஆவதில்லை.

லாபத்தை எப்படிக் கணக்கிடுவது?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வரவு செலவு முழுவதையும் எழுதி உண்மையான லாபத்தைக் காட்டுவது. டீசல், டிரைவர் கூலி, பழுது, காப்பீடு, கடன் வட்டி, இயந்திரத் தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கலாம். ஆனால் டிராக்டர் சொந்த வயலில் ஓடிய பங்குக்கான செலவை இதில் கழிக்க முடியாது. ஆண்டில் 900 மணி நேரம் ஓடிய டிராக்டர் 300 மணி நேரம் உங்கள் வயலில் ஓடியிருந்தால், மூன்றில் இரண்டு பங்குச் செலவுதான் வாடகைக் கணக்குக்கு. மணி மீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வைப்பவருக்கு இது எளிது. இயந்திரத்துக்கு அரசு மானியம் வாங்கியிருந்தால், மானியத்தைக் கழித்த விலைக்குத்தான் தேய்மானம் கணக்கிட வேண்டும். மானியம் உங்கள் கணக்கில் வந்ததற்காக அதை அந்த ஆண்டு வருமானமாகக் காட்ட வேண்டாம்.

இரண்டாவது வழி பிரிவு 44ஏடி. ஆண்டு மொத்த வரவு 2 கோடி ரூபாய்க்குள் உள்ள சிறு தொழிலுக்கு இது பொருந்தும். செலவுக் கணக்குப் புத்தகம் தேவையில்லை. வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ வந்த வரவில் 6 சதவீதமும் ரொக்கமாக வந்ததில் 8 சதவீதமும் லாபம் என்று காட்டினால் போதும். உண்மையில் அதைவிட அதிக லாபம் வந்திருந்தால் அந்த அதிகத் தொகையைக் காட்ட வேண்டும் என்பதையும் சட்டம் சொல்கிறது. 'ஆறு சதவீதம்தான், மீதி கேட்கமாட்டார்கள்' என்று சிலர் சொல்வது பாதி உண்மைதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த வழியில் வந்துவிட்டுப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு ஆண்டில் 6 அல்லது 8 சதவீதத்துக்குக் குறைவாக லாபம் காட்டி வெளியேறினால், அதற்கு அடுத்த ஐந்து ஆண்டுகள் திரும்பி வர முடியாது. அப்போது மொத்த வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டியிருந்தால் கணக்குப் புத்தகமும் ஆடிட்டரின் தணிக்கையும் கட்டாயம். அறுவடை இயந்திரம் வாங்கிய முதல் ஆண்டில் வட்டியும் தேய்மானமும் அதிகம் என்பதால் உண்மைக் கணக்கில் நஷ்டம் வரலாம். அப்படிப்பட்டவர்கள் முதல் ரிட்டர்னிலேயே எந்த வழி என்று ஆடிட்டரிடம் உட்கார்ந்து முடிவு செய்வது நல்லது.

கமிஷன், தரகு வருமானத்துக்கு 44ஏடி கிடையாது. மாட்டுத் தரகு, நெல் தரகு, காப்பீட்டு ஏஜென்சி செய்பவர்கள் உண்மைக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். சிறிய சரக்கு வண்டி வைத்துக் காய்கறியோ வைக்கோலோ வாடகைக்கு ஏற்றுபவர்களுக்குத் தனியாக 44ஏஇ பிரிவு உண்டு. பத்து வண்டிகள் வரை வைத்திருக்கலாம். 12 டன்னுக்கு மேற்படாத மொத்த எடை கொண்ட வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் லாபம் என்று கணக்கு. ஆண்டு முழுக்க வைத்திருந்தால் 90,000 ரூபாய். மாதத்தில் சில நாள் மட்டும் வைத்திருந்தாலும் முழு மாதமாகக் கொள்வார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

டெல்டாவில் 5 ஏக்கர் நெல் சாகுபடி செய்யும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். செலவு போக நெல்லில் 1,50,000 ரூபாய் நின்றது. டிராக்டர் வாடகையாக ஆண்டில் 7 லட்சம் வந்தது. அதில் 5 லட்சம் போனில் வந்தது, 2 லட்சம் ரொக்கம். பாலில் நாளைக்கு 30 லிட்டர், லிட்டருக்கு 35 ரூபாய், கறவை 300 நாள் என்று கொண்டால் 3,15,000 ரூபாய் சங்கத்திலிருந்து வங்கிக்கு வந்தது. வங்கி வைப்புக்கு 22,000 ரூபாய் வட்டி.

டிராக்டரில் 5 லட்சத்துக்கு 6 சதவீதம் 30,000. ரொக்கம் 2 லட்சத்துக்கு 8 சதவீதம் 16,000. பாலில் 6 சதவீதம் 18,900. வட்டி 22,000. மொத்தம் 86,900 ரூபாய். நெல் வருமானம் இதில் சேராது.

புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. எனவே இவருக்கு வரியும் இல்லை, ரிட்டர்ன் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஏழு லட்சம் கணக்கில் வந்துவிட்டதே என்று இரவில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. வரவு வேறு, வருமானம் வேறு.

ஆனாலும் சில நேரங்களில் வருமானம் குறைவாக இருந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம். தொழில் வரவு ஆண்டில் 60 லட்சத்தைத் தாண்டினால், உங்கள் பேரில் பிடித்த டி.டி.எஸ். 25,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால் (60 வயதைக் கடந்தவருக்கு 50,000), சேமிப்புக் கணக்குகளில் ஆண்டில் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் போட்டிருந்தால், மின்கட்டணம் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும்.

இன்னொருவர் சற்றுப் பெரிய அளவில் செய்கிறார். நெல், வாழை, கரும்பில் நிகர வருமானம் 6 லட்சம். அறுவடை இயந்திரத்திலும் வட்டியிலும் சேர்த்து 5 லட்சம். இங்கே ஒரு நுணுக்கம் வருகிறது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லைதான். ஆனால் மற்ற வருமானம் 4 லட்சத்தைத் தாண்டி, நிகர விவசாய வருமானமும் 5,000 ரூபாயைத் தாண்டினால், வரி விகிதத்தை நிர்ணயிக்க மட்டும் அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். 11 லட்சத்துக்கு வரி 50,000. விவசாய வருமானம் 6 லட்சத்தோடு விலக்கு வரம்பு 4 லட்சத்தைச் சேர்த்த 10 லட்சத்துக்கு வரி 40,000. வித்தியாசம் 10,000 ரூபாய் இவரது வரி. மற்ற வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் பிரிவு 87ஏ தள்ளுபடியில் (அதிகபட்சம் 60,000) இந்த 10,000மும் கழிந்துவிடும். கட்ட வேண்டியது பூஜ்யம்.

ஆனால் இவர் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். மற்ற வருமானம் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 'பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை, எனவே ரிட்டர்னும் வேண்டாம்' என்று ஊரில் சொல்வதைக் கேட்டு இருந்துவிட்டால், தாமதக் கட்டணம் வரும். மொத்த வருமானம் 5 லட்சம் வரை என்றால் 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000 ரூபாய்.

எந்தப் படிவம்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

44ஏடி என்றதும் கணினி மையத்தில் ஐ.டி.ஆர்.-4 படிவத்தைத் திறந்துவிடுவார்கள். சிறியது, சீக்கிரம் முடியும். ஆனால் நிகர விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டியவர் ஐ.டி.ஆர்.-4 போடக் கூடாது. ஐ.டி.ஆர்.-1க்கும் அதே வரம்புதான். ஒரு ஏக்கர் நெல் வைத்திருப்பவரே இந்த வரம்பைத் தாண்டிவிடுவார். தொழில் வருமானமும் விவசாய வருமானமும் சேர்ந்து உள்ள உழவருக்கு உரியது ஐ.டி.ஆர்.-3. அதிலும் 44ஏடி முறையில் காட்ட இடம் உண்டு. தொழில் வருமானம் இல்லாமல் வட்டி, ஓய்வூதியம் போன்றவற்றோடு விவசாய வருமானம் இருந்தால் ஐ.டி.ஆர்.-2.

படிவம் பெரியது என்பதற்காக விவசாய வருமானத்தை 5,000 என்றோ பூஜ்யம் என்றோ எழுதி ஐ.டி.ஆர்.-4 போடுகிறார்கள். வரி இல்லாத வருமானம்தானே, எழுதாவிட்டால் என்ன என்று தோன்றும். இரண்டு மூன்று ஆண்டு கழித்து நெல், கரும்புப் பணத்தில் நிலமோ வீடோ வாங்கும்போது, பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உங்கள் ரிட்டர்னே உங்களுக்கு எதிராகப் பேசும். விவசாய வருமானமே இல்லை என்று நீங்கள்தான் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்.

இதற்கு நேர் எதிரான வேலையும் நடக்கிறது. கடன் வாங்க வசதியாக, இல்லாத விவசாய வருமானத்தை 8 லட்சம், 9 லட்சம் என்று எழுதுவது. அல்லது டிராக்டர் வாடகை, பால் பணம் முழுவதையும் விவசாயக் கட்டத்தில் தள்ளுவது. நிகர விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் இருக்கும் மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று படிவம் கேட்கும். மூன்று ஏக்கர் மானாவாரியில் 9 லட்சம் நிகர வருமானம் என்று எழுதினால், பயிர் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள். வருமானத்தைத் தவறாகக் காட்டினால் அதனால் ஏய்த்த வரியில் 200 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. உங்கள் பெயரில் கையெழுத்து, மையத்துக்காரர் பெயரில் இல்லை.

பி.எம். கிசான் நின்றுவிடுமா?

கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர்களுக்கு அந்த உதவித்தொகை இல்லை என்பதுதான் விதி. விதியில் இருப்பது வரி கட்டியவர் என்ற சொல். ரிட்டர்ன் போட்டு, வரி பூஜ்யம் என்று வந்தவர் அந்த விலக்கில் வரமாட்டார். மேலே சொன்ன இரண்டு கணக்குகளிலும் வரி பூஜ்யம்தான். கணவன், மனைவி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சேர்ந்து ஒரு குடும்பம் என்பதையும் கவனியுங்கள். நிலம் மனைவி பேரில் இருந்து கணவர் வரி கட்டினாலும் தகுதி போய்விடும். ஆண்டுக்கு 6,000 ரூபாய்க்காகக் கட்டாயமான ரிட்டர்னைப் போடாமல் இருப்பது கட்டுப்படியாகாது. அதே போல, உண்மையில் வரி கட்டும் நிலையில் உள்ளவர் தவணையை வாங்கிக்கொண்டே இருந்தால் பிறகு திருப்பிக் கேட்பார்கள்.

பிடித்த பணத்தைத் திரும்ப வாங்க

சர்க்கரை ஆலை, விதை நிறுவனம், ஒப்பந்ததாரர் போன்றவர்களுக்கு இயந்திர வேலை செய்தால் பணம் கொடுக்கும்போதே டி.டி.எஸ். பிடிப்பார்கள். ஒப்பந்த வேலையாக இருந்தால், ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேலோ ஆண்டில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேலோ கொடுக்கும்போது தனிநபருக்கு 1 சதவீதம். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பான் கார்டை ஆதாருடன் இணைக்காமல் செயலிழந்திருந்தாலும் 20 சதவீதம்தான். ஆலைக்கு 1,80,000 ரூபாய் வேலை செய்தவருக்குப் பான் இருந்தால் 1,800 போகும், இல்லாவிட்டால் 36,000 போகும். சரக்கு வண்டி வைத்திருப்பவர், பத்துக்கு மேல் வண்டி இல்லை என்று எழுதிப் பான் எண்ணுடன் கொடுத்துவிட்டால் பிடித்தமே இருக்காது.

பிடித்த பணம் ரிட்டர்ன் போட்டால்தான் திரும்ப வரும். முதல் கணக்கில் வந்த டெல்டா விவசாயிக்குக் கட்டாயம் இல்லை என்றாலும், 1,800 ரூபாய் பிடித்திருந்தால் போட்டு வாங்கிக்கொள்ளலாம். போடுவதற்கு முன் வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணில் நுழைந்து, படிவம் 26ஏஎஸ், ஆண்டுத் தகவல் அறிக்கை இரண்டையும் எடுத்துப் பாருங்கள். ஆலை பிடித்த டி.டி.எஸ்., வங்கி வட்டி, ஆண்டில் 10 லட்சத்துக்கு மேல் சேமிப்புக் கணக்கில் போட்ட ரொக்கம், நில விற்பனை எல்லாம் அதில் இருக்கும். 'ஒப்பந்த வேலை' என்று அங்கே பதிவான தொகையை நீங்கள் விவசாய வருமானம் என்று எழுதினால், முரண்பாடு கணினிக்கே தெரிந்துவிடும்.

நிறையப் பணம் திரும்ப வாங்கித் தருகிறேன், அதில் எனக்கு இத்தனை சதவீதம் என்று சொல்பவர்களிடம் பான் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுக்காதீர்கள். பிடித்ததற்கு மேல் ஒரு ரூபாயும் திரும்ப வராது.

என்னென்ன எடுத்து வைப்பது?

விவசாயத்துக்கு: பட்டா, சிட்டா, அடங்கல், குத்தகை ஒப்பந்தம், நேரடி நெல் கொள்முதல் நிலையச் சீட்டு, ஒழுங்குமுறை விற்பனைக் கூட ரசீது, ஆலை ரசீது, உரக்கடை பில். மண்டியில் துண்டுச் சீட்டு கொடுத்தால் தேதி, எடை, விலையோடு கேட்டு வாங்குங்கள். விளைச்சலை விற்றதாக இருந்தாலும் ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு.

தொழிலுக்கு: தேதி, யார் வயல், எத்தனை மணி நேரம், எவ்வளவு, ரொக்கமா போனிலா என்று ஐந்து கட்டம் போட்ட நோட்டு ஒன்று. டிரைவரிடமே ஒரு நோட்டு கொடுத்து வண்டியில் வைத்துவிட்டால் மறக்காது. வாடகைப் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள், அதன் ஸ்கேன் அட்டையை வண்டியில் ஒட்டுங்கள். கல்லூரியில் படிக்கும் மகனின் எண்ணுக்கோ மனைவியின் எண்ணுக்கோ வாங்கினால் அது அவர்கள் கணக்கில் வரவாகத் தெரியும், கேள்வி அவர்களிடம் போகும். டிராக்டர் மகன் பேரில் இருந்து அவர்தான் தொழிலை நடத்துகிறார் என்றால் வருமானமும் அவருடையது. அப்போது பணம் அவர் கணக்குக்கே போவது சரி.

புதிய வரி முறை தானாகவே பொருந்தும். பழைய முறை வேண்டுமென்றால், தொழில் வருமானம் உள்ளவர் கடைசி நாளுக்கு முன் படிவம் 10-ஐஇஏ தாக்கல் செய்ய வேண்டும். பிறகு புதிய முறைக்கு ஒரே ஒரு முறைதான் திரும்பலாம். சிறு உழவர்களில் பெரும்பாலோருக்குப் புதிய முறையே லாபம்.

ரிட்டர்ன் போடும் கடைசி நாளை ஆண்டுக்கு ஆண்டு மாற்றி அறிவிப்பதுண்டு. அதனால் இணையதளத்தில் அந்த ஆண்டின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு போடலாம். வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரும் நிலையில் உள்ளவர், 44ஏடி முறையில் இருந்தால், முன்கூட்டிய வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டிவிட வேண்டும்.

ரிட்டர்ன் போட்டதும் வேலை முடிந்துவிடாது. 30 நாட்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காவிட்டால் போட்டதாகவே கணக்கில் வராது. ஆதாரில் பழைய செல்போன் எண் இருந்தால் ஓ.டி.பி. வராது. எனவே கணினி மையத்துக்குப் போவதற்கு முன்பே இ-சேவை மையத்திலோ அஞ்சலகத்திலோ எண்ணைப் புதுப்பித்து, ரிட்டர்ன் போட்ட பிறகு ஒப்புகைச் சீட்டையும் முழுப் படிவத்தின் நகலையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.